45 நிமிடம் வேண்டாம், 5 நிமிடத்தில் தொடங்குங்கள்

கேள்வி: இரண்டு மாதமாகத் தினமும் காலையில் பௌத்தப் போதனைகளைப் பாலி மொழியில் ஓத முயல்கிறேன். இணையத்தில் கிடைத்த 45 நிமிடப் பரித்தத் (காப்புக்காக ஓதும் பாலிப் பகுதிகள்) தொகுப்பு ஒன்றை ஓடவிட்டு, தமிழ் எழுத்தில் அச்சிட்ட தாளைப் பார்த்தபடி கூடவே சொல்கிறேன். முதல் இரண்டு வாரம் நன்றாகப் போனது. இப்போது வாரத்தில் மூன்று நாள் விட்டுப் போகிறது. ஓதும் நாளிலும் வாய் ஒரு பக்கம், மனம் ஒரு பக்கம். தொண்டையும் கட்டிக்கொள்கிறது. உச்சரிப்பு பிழையானால் பாவமா? குடியை இன்னும் முழுதாக விடாத நான் பஞ்சசீலம் (மதுவைத் தவிர்ப்பது உட்பட ஐந்து ஒழுக்கப் பயிற்சிகள்) சொல்லலாமா? ஒரு நண்பர் 'நம் மியோஹோ ரெங்கே க்யோ' சொல்லச் சொல்கிறார், இன்னொருவர் 'ஓம் மணி பத்மே ஹூம்' என்கிறார். எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளலாமா? வீட்டில் புத்தர் சிலையும் இல்லை.

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் சொல்லும் தொல்லைகளில் பாதிக்குமேல் அந்த 45 நிமிடப் பதிவிலிருந்தே வருகின்றன. பரித்தத் தொகுப்புகளைப் பெரும்பாலும் பல பிக்குகள் சேர்ந்து ஓதுவார்கள். எல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். ஒருவர் மூச்சு வாங்கும் இடத்தில் மற்றவர் குரல் ஓடிக்கொண்டிருப்பதால், கேட்கும் நமக்கு இடைவெளியே தெரியாது. அந்த வேகத்தைத் தனி ஆளாகத் தாளைப் பார்த்துத் துரத்தினால் மூச்சு முட்டும், குரல் மேலேறும், பொருளை நினைக்க நேரமே இருக்காது. பதிவைக் கேட்பது நல்லதுதான். மாலையில் சும்மா உட்கார்ந்து கேளுங்கள். காலை ஓதலுக்கு அதை நிறுத்திவிடுங்கள்.

அதற்குப் பதிலாக இந்த வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்துக்கு மேலுள்ள எண்கள் உச்சரிப்புக்கானவை, பின்னால் விளக்குகிறேன். முதலில் 'நமோ தஸ்ஸ ப⁴க³வதோ அரஹதோ ஸம்மாஸம்பு³த்³த⁴ஸ்ஸ' மூன்று முறை. அடுத்து புத்தர், தம்மம் (அவர் போதனை), சங்கம் (அவர் சீடர் குழு) ஆகியவற்றை அடைக்கலமாகக் கொள்ளும் மூன்று சரணங்களையும் மூன்று சுற்று: முதல் சுற்று அப்படியே, இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் 'து³தியம்பி', மூன்றாம் சுற்றில் 'ததியம்பி', ஆக ஒன்பது வரி. பிறகு பஞ்சசீலம். பிறகு 'இதி பி ஸோ' என்று தொடங்கும் புத்தகுண நினைவு, 'ஸ்வாக்கா²தோ' என்று தொடங்கும் தம்மகுண நினைவு, 'ஸுபடிபன்னோ' என்று தொடங்கும் சங்ககுண நினைவு. நிதானமாகச் சொன்னால் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 5 நிமிடம். முடிந்ததும் உடனே எழாமல் ஒரு நிமிடம் பேசாமல் உட்காருங்கள். ஓதியது மனதில் படிய அந்த ஒரு நிமிடம் வேண்டும். பலரும் தவறவிடுவது இதைத்தான்.

இதற்குமேல் எதையும் இப்போதைக்குச் சேர்க்காதீர்கள். இவ்வளவும் தாள் இல்லாமல் வரும்வரை இதுவே போதும்.

மூன்று குண நினைவுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மனம் நிற்பதற்கான பிடி அங்கேதான் இருக்கிறது. காட்டில் தனித்திருக்கும் பிக்குவுக்கு அச்சமும் மயிர்க்கூச்சும் வந்தால் நினைக்க வேண்டியவை என்று புத்தர் தஜக்க சுத்தம் என்ற போதனையில் சொல்பவை இந்த மூன்றும். இவற்றில் வேண்டுதல் எதுவும் கிடையாது, குணங்களின் பட்டியல்தான். புத்தருக்கு ஒன்பது: அரஹம், ஸம்மாஸம்பு³த்³தோ⁴, விஜ்ஜாசரணஸம்பன்னோ, ஸுக³தோ, லோகவிதூ³, அனுத்தரோ புரிஸத³ம்மஸாரதி², ஸத்தா² தே³வமனுஸ்ஸானம், பு³த்³தோ⁴, ப⁴க³வா. தம்மத்துக்கு ஆறு, சங்கத்துக்கு ஒன்பது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரே ஒரு சிறு தமிழ்த் தொடரை மனதில் கட்டி வையுங்கள். அரஹம் என்றால் மாசற்றவர். விஜ்ஜாசரணஸம்பன்னோ என்றால் அறிவும் ஒழுக்கமும் நிறைந்தவர். லோகவிதூ³ என்றால் உலகை அறிந்தவர். தம்மத்தில் ஸந்தி³ட்டி²கோ என்றால் இங்கேயே காணத்தக்கது, அகாலிகோ என்றால் காலம் கடத்தாமல் பலன் தருவது, ஏஹிபஸ்ஸிகோ என்றால் வந்து பார் என்று அழைப்பது. ஓதும்போது தமிழை உரக்கச் சொல்ல வேண்டாம். சொல் வாயில் வரும் கணத்தில் பொருள் மனதில் வந்தால் போதும். ஒரே நாளில் 24 பொருளையும் ஏற்ற முடியாது. வாரத்துக்கு மூன்று என்று வைத்தால் எட்டு வாரம்.

உச்சரிப்புக்கு வருவோம். பிழை பாவமாகாது. தாய்லாந்தில் அதே சரணம் 'பு²த்தங் ஸரணங் க²ச்சாமி' என்பதுபோல ஒலிக்கும். மியன்மாரில் ஸகரத்தை நாக்கு நுனி பல்லைத் தொட ஒலிப்பார்கள். சொல்லின் இறுதியில் வரும் அனுஸ்வரத்தை (மூக்கொலியை) ஒரு மரபு 'ம்' என்றும் இன்னொரு மரபு 'ங்' என்றும் முடிக்கும். மியன்மாரில் ஒருவரைச் சாமணேரராக (இளந்துறவியாக) ஆக்கும்போது சரணத்தை இரண்டு விதமாகவும் சொல்லச் செய்வார்கள். நூற்றாண்டுகளாக இத்தனை வேறுபாட்டோடு ஓதி வருகிறார்கள். ஆகவே பயம் வேண்டாம். அதற்காக அலட்சியமும் வேண்டாம், ஏனென்றால் சில பிழைகள் பொருளையே மாற்றிவிடும். 'ஸுரா' என்றால் மது, 'ஸுர' என்றால் தேவர். 'தா³னம்' கொடை, 'த⁴னம்' செல்வம்.

தமிழ் எழுத்தில் அச்சிட்ட பாலியை வாசிப்பவருக்கு வரும் சிக்கல் தனி ரகம். க, ச, ட, த, ப ஐந்தும் நமக்கு இடத்துக்கு ஏற்ப ஒலி மாறும். பாலியில் அப்படி மாறாது. அதனால் வெறும் 'பகவதோ' என்று அச்சிட்டிருந்தால் நம் வாய் தானாக முதல் எழுத்தை வன்மையாகவும், நடுவில் உள்ள ககரத்தை ஹகரம்போலவும், கடைசித் தகரத்தை மென்மையாகவும் சொல்லிவிடும். மூன்றும் தவறு. உங்கள் தாளில் சுலோகப் புத்தகங்களில் உள்ளதுபோல 2, 3, 4 என்ற மேல் எண்கள் இல்லையென்றால் அந்தத் தாளை மாற்றிவிடுங்கள். எண் இல்லாத எழுத்தும் 2 உள்ள எழுத்தும் வன்மையானவை. 3, 4 உள்ளவை மென்மையானவை. 2-இலும் 4-இலும் கூடவே மூச்சு வெளியே வரும். 'ப⁴க³வதோ'வில் ககரம் 'தங்கம்' என்பதில் உள்ள ககரம். கடைசித் தகரம் 'பத்து' என்பதில் ஒலிக்கும் தகரம், ஆனால் இரட்டிக்காமல் ஒற்றையாக. 'பு³த்³த⁴ம்' என்பதைப் 'புத்தம்' என்று 'பத்து'ப்போல அழுத்துகிறோம். அதில் உள்ள இரட்டைத் தகரம் மென்மையானது. மூன்றாம் சீலத்தில் 'மிச்சா²சாரா' என்ற சொல்லில் இரண்டாவது சகரத்தைக் கிட்டத்தட்ட எல்லோரும் ஸகரமாக்கிவிடுகிறார்கள். அது 'அச்சு' என்பதில் உள்ள சகரம்தான்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திருத்தப் போகாதீர்கள். முதலில் குறில் நெடில். அடுத்து இரட்டை எழுத்து, அதாவது 'தஸ்ஸ'வைத் 'தஸ' ஆக்காமல் இருப்பது. அடுத்து வன்மை மென்மை. மூச்சொலி கடைசியில் வந்தால் போதும். அதை முதலிலேயே துரத்துகிறவர்களுக்குத்தான் தொண்டை வறண்டு போகிறது. வாரம் ஒருமுறை கைப்பேசியில் உங்கள் குரலைப் பதிந்து, நல்ல பதிவு ஒன்றோடு வரிக்கு வரி ஒப்பிட்டு, ஒரே ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்து அந்த வாரம் முழுக்க அதை மட்டும் சரி செய்யுங்கள்.

தொண்டை கட்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் சுருதி. பதிவில் உள்ளவரின் சுருதிக்கு ஏறி நிற்கிறீர்கள். நீங்கள் சாதாரணமாகப் பேசும் குரல் எந்த உயரமோ அதில், அல்லது அதைவிடச் சற்றுக் கீழே ஓதுங்கள். அடுத்த அறைக்குக் கேட்க வேண்டியதில்லை. பிறர் தூங்குகிறார்களே என்று கிசுகிசுக்கவும் வேண்டாம். கிசுகிசுப்பது தொண்டையை இன்னும் வருத்தும். தாழ்ந்த குரலில் முணுமுணுப்பது பரவாயில்லை. மூச்சை எங்கே வாங்குவது என்பதைத் தாளில் பென்சிலால் சிறு கோடாகக் குறித்துக்கொள்ளுங்கள். 'நமோ தஸ்ஸ' 18 அசை. ஒரே மூச்சில் வரும். வராவிட்டால் 'ப⁴க³வதோ'வுக்குப் பின் நிறுத்தலாம். 'ஸம்மாஸம்பு³த்³த⁴ஸ்ஸ' என்ற சொல்லுக்கு நடுவில் மட்டும் மூச்சு வாங்காதீர்கள். ஊதுபத்தி ஏற்றும் பழக்கம் இருந்தால் இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள். இவ்வளவுக்குப் பிறகும் குரல் கம்மலாகவே இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இராகம் பற்றி ஒரு வார்த்தை. பின்னணி இசையும் எதிரொலியும் சேர்த்த பதிவுகள் இணையத்தில் ஏராளம். கேட்க இனிமைதான். ஆனால் தம்மத்தை நீட்டி முழக்கிப் பாட்டாக ஓதுவதில் உள்ள ஐந்து கேடுகளைப் புத்தரே எண்ணிச் சொல்லியிருக்கிறார்: ஓதுபவர் தன் குரலில் தானே மயங்குவார், கேட்பவரும் அதில் மயங்குவர், நம்மைப் போலத்தானே இவர்களும் பாடுகிறார்கள் என்று இல்லறத்தார் குறை சொல்வர், குரலை நயமாக்கும் முயற்சியில் சமாதி (மன ஒருமை) குலையும், பின்வருவோர் அதையே வழக்கமாக்கிக்கொள்வர். அதேசமயம் குரலேற்றத்தோடு சீராக ஓதும் 'ஸரப⁴ஞ்ஞ'த்தை விநயம் (துறவிகளின் ஒழுக்க விதி நூல்) அனுமதிக்கிறது. எனவே ஏற்ற இறக்கம் இருக்கலாம், பாட்டாகிவிடக் கூடாது. உங்கள் குரல் நன்றாக இருக்கிறதே என்ற எண்ணம் ஓதலின் நடுவில் வந்தால் எல்லை தாண்டிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாய் ஒரு பக்கம், மனம் ஒரு பக்கம் என்பது பழைய நோய். ஸங்காரவன் என்ற பிராமணர் புத்தரிடம், நெடுநாள் ஓதிப் பழகிய மந்திரங்கள்கூடச் சில வேளை நினைவுக்கு வராமல் போவதேன் என்று கேட்கிறார். பாத்திரத்து நீரில் முகம் பார்ப்பதை வைத்துப் பதில் வருகிறது. ஆசை சாயம் கலந்த நீர், பகை கொதிக்கும் நீர், சோம்பல் பாசி மூடிய நீர், பரபரப்பும் வருத்தமும் காற்றில் அலைபாயும் நீர், ஐயம் இருட்டில் வைத்த கலங்கல் நீர். இந்த ஐந்தில் அன்றைக்கு உங்களுக்கு எது என்று பார்த்தால் மருந்தும் தெரிந்துவிடும். தூக்கம் அழுத்தினால் எழுந்து நின்று, கண்ணைத் திறந்து, குரலைச் சற்று உயர்த்தி ஓதுங்கள். அலுவலக வேலை ஓடிக்கொண்டிருந்தால் வேகத்தைப் பாதியாக்கி, ஒவ்வொரு வரிக்குப் பின்னும் ஒரு முழு மூச்சு விட்டு இடைவெளி கொடுங்கள். யார்மேலாவது கோபமாக இருந்தால் தொடங்கும் முன் 'நான் நலமாக இருக்கட்டும், அவரும் நலமாக இருக்கட்டும்' என்று தமிழிலேயே சில முறை சொல்லுங்கள். இதெல்லாம் எதற்கு என்ற ஐயம் வந்தால் அன்று ஓதலைக் குறைத்து, பொருளைப் படியுங்கள். ஆசை வகையறா எண்ணங்களுக்கு எளிய வழி, ஓதி முடியும்வரை கைப்பேசியைத் தொடாமல் இருப்பது.

மனம் விலகியதைக் கவனித்ததும் தொடக்கத்துக்குத் திரும்பிப் போகாதீர்கள். எந்தச் சொல்லில் இருக்கிறீர்களோ அங்கேயே அதன் பொருளைப் பிடித்துத் தொடருங்கள். 'மனம் ஒன்றவில்லை, மறுபடி முதலிலிருந்து' என்று ஆரம்பித்தால் 5 நிமிடம் அரை மணியாகும். ஒரு வாரத்தில் ஓதலே வெறுத்துப் போகும்.

பஞ்சசீலம் சொல்லலாமா என்ற கேள்வியில் நேர்மை இருக்கிறது. ஒவ்வொரு வரியும் 'வேரமணீ ஸிக்கா²பத³ம் ஸமாதி³யாமி' என்றே முடிகிறது. விலகியிருக்கும் பயிற்சியை மேற்கொள்கிறேன் என்று பொருள். இது கட்டளையும் இல்லை, நான் தூயவன் என்ற அறிவிப்பும் இல்லை. பயிற்சி தவறினால் மறுநாள் மறுபடி மேற்கொள்ளத்தான் தினமும் சொல்வது. பிக்குவிடம் சீலம் கேட்கும் வாய்பாட்டில் 'விஸும் விஸும் ரக்க²ணத்தா²ய' என்று ஒரு தொடர் சில மரபுகளில் உண்டு. ஐந்தையும் தனித்தனியாகக் காப்பதற்காக என்று அர்த்தம். ஒன்று முறிந்தால் மற்ற நான்கும் சேர்ந்து முறியாது. ஆகவே ஐந்தாவதை உண்மையிலேயே இன்று முயலப் போகிறீர்கள் என்றால் சொல்லுங்கள், நேற்று தவறியிருந்தாலும் சரி. இன்று மாலை குடிக்கத் திட்டமிட்டுக்கொண்டே காலையில் அதைச் சொல்வதைவிட, அன்று நான்கை மட்டும் சொல்லி ஐந்தாவது இடத்தில் பேசாமல் ஒரு மூச்சு நிற்பது மேல். அந்த இடைவெளி தினமும் உறுத்தும். உறுத்தட்டும். நாள்தோறும் குடித்துப் பழகிய உடம்பு என்றால் மட்டும் மருத்துவரைக் கேட்டு நிறுத்துங்கள். திடீரென்று விடுவது ஆபத்தாகலாம்.

முதல் ஐந்து நிமிடம் தாள் இல்லாமல் வந்த பிறகு சேர்க்கத் தகுந்தது எல்லா உயிர்களிடமும் அன்பைச் சொல்லும் கரணீய மெத்த சுத்தம். பத்துப் பாட்டு, நிதானமாக ஓத 3 நிமிடம். வாரம் ஒரு பாட்டு என்று பத்து வாரம் வையுங்கள். பார்த்து ஐந்து முறை, பாராமல் ஐந்து முறை, இரவில் படுக்கும் முன் ஒரு முறை. எப்போதும் முதல் பாட்டிலிருந்தே தொடங்கிப் படித்தால் முதல் நான்கு பாட்டு கல்லாக நிற்கும், கடைசி நான்கு ஆடும்; ஆறாவது வாரத்துக்குப் பின் சில நாள் கடைசியாகக் கற்ற பாட்டிலிருந்து பின்னோக்கி வாருங்கள்.

இதில் எல்லோரும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. 'ஸப்³பே³ ஸத்தா ப⁴வந்து ஸுகி²தத்தா' என்ற அடி மூன்றாம் பாட்டின் முடிவிலும் வரும், ஐந்தாம் பாட்டின் முடிவிலும் வரும். முதல் முறை சொன்னதும் நேரே ஆறாம் பாட்டுக்குத் தாவிவிடுவார்கள். அல்லது இரண்டாம் முறை சொன்னதும் மறுபடி நான்காம் பாட்டுக்கே போய்ச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். முதல் முறைக்குப் பின் 'யே கேசி', இரண்டாம் முறைக்குப் பின் 'ந பரோ' என்று தாளின் ஓரத்தில் எழுதி வையுங்கள். இடையில் உள்ள இரண்டு பாட்டும் உயிர்களின் பட்டியல்: நடுங்குபவை, நிலைத்தவை; நெடியவை, பெரியவை, நடுத்தரமானவை, குட்டையானவை, நுண்ணியவை, பருத்தவை; கண்டவை, காணாதவை; தொலைவில் உள்ளவை, அருகில் உள்ளவை; பிறந்தவை, பிறக்க இருப்பவை. பொருளை உருவமாகப் பார்த்தால் வரிசை தவறாது, வெறும் ஒலியாகப் படித்தால் நிச்சயம் தவறும். இன்னொன்று, இரண்டாம் பாட்டில் 'அப்பகிச்சோ' என்று வருகிறது. சில வேலைகளே உடையவன் என்று பொருள். 45 நிமிடத் தொகுப்பை ஓடவிட்டிருந்தவர் இதைக் கொஞ்சம் நின்று சொல்லலாம்.

சிலை கட்டாயமில்லை. சுத்தமான ஒரு மூலை, அமர ஒரு விரிப்பு போதும். சிலையோ படமோ பின்னால் வாங்கினால் அமர்ந்திருக்கும்போது கண்மட்டத்துக்குக் குறையாத உயரத்தில் வையுங்கள், கால் நீட்டும் பக்கம் வேண்டாம். முழங்கால், உள்ளங்கை, நெற்றி தரையில் பட மூன்று முறை வணங்குவது வழக்கம். முழங்கால் வலி இருந்தால் நாற்காலியில் அமர்ந்து கைகூப்பினாலே போதும். ஓதும் நேரம் முழுக்கக் கையைக் கூப்பியே இருக்கத் தோள் வலித்தால் சீலம் முடிந்ததும் கையை மடியில் இறக்கிக்கொள்ளலாம். நேரத்தைக் கடிகாரத்தோடு கட்டுவதைவிட ஒரு வேலையோடு கட்டுங்கள். முகம் கழுவியவுடன் என்று வைத்தால் எழுந்த நேரம் மாறினாலும் ஓதல் நிற்காது.

நண்பர்கள் சொன்ன இரண்டும் மதிக்கத்தக்க மரபுகள். 'நம் மியோஹோ ரெங்கே க்யோ' 13-ஆம் நூற்றாண்டில் ஜப்பானில் நிசிரென் தொடங்கிய வழி; தாமரைச் சூத்திரம் என்ற மகாயான பௌத்த நூலின் பெயரையே ஓதுவது, கூடவே அதன் இரண்டாம், பதினாறாம் அத்தியாயங்களிலிருந்து ஓதுவது என்று அதற்குத் தனி ஒழுங்கு இருக்கிறது. 'ஓம் மணி பத்மே ஹூம்' கருணையின் வடிவாகக் கருதப்படும் போதிசத்துவர் அவலோகிதேசுவரரின் ஆறெழுத்து மந்திரம். திபெத்திய மரபில் 108 மணி மாலையால் எண்ணி, கருணையை மனதில் நிறுத்திச் சொல்வார்கள். மூன்றையும் ஒரே அமர்வில் கலந்தால் ஒன்றின் முறையும் பிடிபடாது. எது உங்களுக்கு ஒத்துவரும் என்று பார்க்க வேண்டுமானால் ஒன்றை மூன்று மாதம் முழுதாகச் செய்துவிட்டு அடுத்ததை அந்த மரபில் ஊறிய ஒருவரிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். நண்பரின் கூட்டத்துக்குப் போகும் நாளில் அவர்களோடு சேர்ந்து ஓதுவதில் தவறேதும் இல்லை.

விட்டுப்போன நாளைப் பற்றி. காய்ச்சல், பயணம், வீட்டில் நெருக்கடி என்றால் 'நமோ தஸ்ஸ' மூன்று முறை, சரணம் ஒன்பது வரி. ஒன்றரை நிமிடத்துக்குள் முடியும். அதை ஓடும் பேருந்தில் மனதுக்குள்ளும் சொல்லலாம். அதுவும் விட்டுப்போனால் போனதுதான். மறுநாள் இரண்டு மடங்கு ஓதி ஈடுகட்ட வேண்டாம், அப்படிச் செய்கிறவர்கள் மூன்றாம் நாளும் விடுகிறார்கள். பக்கத்தில் விகாரையோ ஓதும் குழுவோ இருந்தால் மாதம் ஒருமுறை போய்ச் சேர்ந்து ஓதுங்கள். அங்கே வேகமும் முடிப்பும் உங்களுடையதிலிருந்து மாறியிருக்கும். அவர்களைத் திருத்தப் போகாமல், சற்றுத் தாழ்ந்த குரலில் அவர்களோடு போங்கள். தடுமாறும் வரியில் வாயை மூடிக் கேட்டுவிட்டு அடுத்த வரியில் சேர்ந்துகொள்ளுங்கள்.